சேலைக்குள்ளே ஒரு சிறு பெட்டி

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வெஸ்ட் ஈலிங் சப்பல் வீதியிலுள்ள ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் ஆலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வீதி சுற்றிக்கொண்டிருக்க, வழக்கமாக முன்னால் நிற்கும் ஓர் அம்மா மட்டும் சுவரோரமாக ஒதுங்கி அமர்ந்திருந்தார். தோளில் போட்டிருந்த சால்வை சற்று விலகியபோது, சேலை மடிப்புக்குள்ளிருந்து மெல்லிய வயர் ஒன்று எட்டிப் பார்த்தது. அது போதாதா? பிரசாத வரிசை முடிவதற்குள் "நெஞ்சுக்குள்ளை பற்றறி வைச்சிருக்காம்" என்று தொடங்கிய கதை, "ஒப்பரேசனாம், மகள்காரி ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்" என்று வளர்ந்து வாசலைத் தாண்டிவிட்டது.

நாம் நேரே அவரிடமே போய்க் கேட்டோம். அம்மா சிரித்தார். "பயப்பிடாதேங்கோ பிள்ளையள். இது நெஞ்சு அடிக்கிறதை எழுதி வைக்கிற பெட்டி. நாளைக்குக் காலமை கழட்டிக் குடுக்கவேணும். சனம் என்ன சொல்லுதெண்டு எனக்கும் கேட்டதுதான்."

அந்தப் பெட்டியின் பெயர் ஹோல்ரர் மொனிற்றர். எம்மவர்களில் பலர் அதை அணிந்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. நோய் என்றால் மறைப்பது எங்களுக்குக் கைவந்த கலையாயிற்றே. தமது பெயரைப் போடாமல் எழுதலாம் என்று அந்த அம்மா அனுமதித்தபடியால் அவரது கதையோடு இதனை எழுதுகிறோம்.

"படபடப்பு" என்ற ஒரு சொல்

அம்மாவுக்கு வயது 68. வன்னியில் 2009இல் ஒரு மகனைப் பறிகொடுத்துவிட்டு மகளிடம் இலண்டன் வந்து சேர்ந்தவர். சீனி வியாதி உண்டு, பிரஷர் உண்டு. வந்த நாளிலிருந்தே இடையிடையே நெஞ்சு படபடக்கும். தொலைபேசி இரவில் அடித்தால் படபடக்கும். வானவேடிக்கைச் சத்தம் கேட்டால் படபடக்கும். குடும்ப வைத்தியரிடம் போகும்போது துணைக்குப் போவது பதினைந்து வயதுப் பேத்தி. "அம்மம்மா என்ன சொல்லுறா?" என்று வைத்தியர் கேட்க, அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "பயப்படுகிறா" என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொல்லும். பிள்ளையில் குற்றமில்லை. எங்கள் மொழியில் படபடப்பு என்ற சொல்லுக்குள் பயம், பதற்றம், நெஞ்சிடி, நாடி தாறுமாறாக ஓடுவது எல்லாமே அடங்கிக் கிடக்கின்றன. அதைப் பிரித்துச் சொல்லப் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

இவ்விதமாக இரண்டு வருடங்கள் அது மனக்கவலையின் கணக்கிலேயே எழுதப்பட்டது. மகனை இழந்த தாய்க்கு நெஞ்சு படபடக்காதா என்று வைத்தியரும் நினைத்தார், மகளும் நினைத்தார், அம்மாவும் நினைத்தார். இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இரண்டும் நல்லபடியாகவே இருந்தன.

இங்கேதான் நாம் ஒரு சிறு கணக்குப் பார்க்கவேண்டும். மனித இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வைத்தியசாலையில் கட்டிலில் படுக்க வைத்து எடுக்கும் சாதாரண ஈ.சி.ஜி. சுமார் 10 விநாடி நேரத்தைத்தான் பதிகிறது. அதாவது ஒரு லட்சத்தில் பன்னிரண்டோ பதினைந்தோ துடிப்பு. கள்ளன் இரவில் வருகிறான். பொலிஸ்காரர் மத்தியானம் பத்து விநாடி வந்து பார்த்துவிட்டு "இங்கே ஒருவரும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார். பிழை பொலிசில் அல்ல, நேரத்தில்.

பாடிங்ரனில் தொடங்கிய கதை

வெஸ்ட் ஈலிங் நிலையத்தில் எலிசபெத் ரயிலில் ஏறினால் கால் மணித்தியாலமளவில் பாடிங்ரன் போய்விடலாம். நிலையத்துக்குப் பக்கத்திலே சென் மேரிஸ் வைத்தியசாலை. மனித இருதயத்தின் மின்னோட்டத்தை உடம்பின் வெளியிலிருந்தே முதன்முதலாகப் பதிவு செய்தது அங்கேதான், 1887இல். செய்தவர் அகஸ்ரஸ் வாலர் என்ற உடற்றொழிலியல் அறிஞர். ஜிம்மி என்ற தமது புல்டோக் நாயின் கால்களை உப்புத்தண்ணீர்ப் பாத்திரங்களில் வைக்கச் செய்து அதன் இருதய மின்னை அவர் சபைகளில் காட்டுவாராம். நாயைத் துன்புறுத்துகிறார்கள் என்று 1909இல் பாராளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. நாய் உப்புத்தண்ணீரில் நின்றதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்பதே பதில். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதிவால் வைத்தியசாலைகளில் பெரும் பயன் விளையும் என்று வாலரே எதிர்பார்க்கவில்லை.

பயன் விளைவித்தவர் ஒல்லாந்தரான வில்லெம் ஐந்தோவன். இவர் பிறந்தது ஜாவாத் தீவில், அக்காலத்து டச்சுக் குடியேற்ற நாட்டில். லெய்டன் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி சுமார் 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியை அதனிடம் கொண்டுவர இயலாதபடியால், வைத்தியசாலையிலிருந்து ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே துடிப்பை அனுப்பிப் பார்த்தார். 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

எப்படியோ, நோயாளி அசையாமல் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் நீங்கவில்லை. அதை உடைத்தவர் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து ஹெலெனா என்ற சிறு பட்டினத்தைச் சேர்ந்த நோர்மன் ஹோல்ரர். மனிதர் நடக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கும்போதும் இருதயம் என்ன செய்கிறது என்று அறிய விரும்பிய அவர், 1940களின் பிற்பகுதியில் முதுகில் சுமக்கும் வானொலிக் கருவி ஒன்றை ஆக்கினார். அதன் நிறை 38 கிலோ. எங்கள் கடைகளில் விற்கும் 20 கிலோ அரிசி மூட்டை இரண்டை முதுகில் கட்டிக்கொண்டு "சாதாரணமாக நடந்து திரியுங்கள்" என்று சொல்வதற்குச் சமம்! படிப்படியாக அதைக் குறுக்கி, 1961இல் தமது முறையை 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார். பின்னர் பதிவுநாடாவில் பதியும் பெட்டிகள் வந்தன. இன்றைக்கு நாடாவும் இல்லை, கசற்றும் இல்லை. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய பெட்டிக்குள் எல்லாம் அடக்கம். ஆனாலும் இங்குள்ள வைத்தியசாலைத் தாதிமார் "24 மணி நேர ரேப்" என்றே இன்றும் சொல்கிறார்கள். கடிதத்தில் அப்படி எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்.

எதைத் தேடுகிறார்கள்?

இருதயத்தின் மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வலது சோணையறையில் உள்ள ஒரு சிறு கணுவிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை மின்துடிப்புகள் கிளம்பி, தாளம் பிசகாமல் இருதயத்தை நடத்துகின்றன. சிலரில் இந்தத் தலைமை குலைந்து, மேலறைகளின் பல இடங்களிலிருந்தும் கண்டபடி மின் கிளம்பி, அறை சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் என்று பெயர், சுருக்கமாக ஏ.எஃப். தமிழில் சோணைநடுக்கம் என்று சொல்லலாம்.

நடுக்கத்தால் உடனே உயிர் போய்விடாது. ஆபத்து வேறிடத்தில். அறை ஒழுங்காகச் சுருங்காதபோது இரத்தம் ஒரு மூலையில் தேங்குகிறது. தேங்கியது உறைகிறது. உறைந்த கட்டி ஒரு நாள் கிளம்பி மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால், அதுவே பாரிசவாதம். சோணைநடுக்கம் உள்ளவருக்கு இந்த ஆபத்து மற்றவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு. இரத்தம் உறையாமல் காக்கும் குளிசையால் அந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்க முடியும். ஒரு குளிசையால் இவ்வளவு தடுக்கக்கூடிய பெருநோய்கள் அதிகமில்லை. அதனால்தான் கண்டுபிடிப்பதில் இத்தனை அக்கறை. நடுக்கம் சிலருக்கு எப்போதும் இருக்கும். சிலருக்கு வந்து வந்து போகும். வந்து போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பெட்டி.

எத்தனை நாள் அணிவது என்பது தொல்லை எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்பதைப் பொறுத்தது. தினமும் வந்தால் 24 அல்லது 48 மணி நேரம் போதும். வாரத்துக்கொரு முறை என்றால் மார்பில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பதிவான் ஒன்றை 14 நாள் வரை அணியலாம். வயர் எதுவும் கிடையாது. மாதக்கணக்கில் ஒரு முறை மயங்கி விழுகிறவர்களுக்குத் தோலின் கீழே சிறு குச்சி போன்ற ஒன்றைப் பதித்து வருடக்கணக்கில் விடுவார்கள்.

அம்மாவின் பெட்டி சொன்னது

அன்று கோயிலில் நாம் கண்ட பெட்டி 24 மணி நேரப் பெட்டி. அதிலும் ஒன்றும் அகப்படவில்லை. "பாத்தியளே, எல்லாம் மனசுதான்" என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் அங்கிருந்த வைத்தியர் விடவில்லை. அம்மாவின் வயது, சீனி, பிரஷர் மூன்றையும் பார்த்துவிட்டு 14 நாள் ஒட்டுப்பதிவானை மாட்டி அனுப்பினார். கையில் ஒரு நாட்குறிப்புத் தாளும் கொடுக்கப்பட்டது. எப்போது படபடப்பு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதவேண்டும். அம்மா தமிழிலேயே எழுதினார். பேத்தி பக்கத்திலே ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தாள்.

முடிவு வந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். அம்மா படபடப்பு என்று எழுதிய எந்த நேரத்திலும் இருதயத்தின் தாளம் பிசகவில்லை. வேகம் சற்றுக் கூடியிருந்தது, அவ்வளவே. ஒன்பதாம் நாள் இரவு, அவர் நன்றாக நித்திரை கொண்டிருந்த வேளையில், ஒரு மணி கடந்து விடியுமட்டும் கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் சோணைநடுக்கம் ஓடியிருந்தது. நாட்குறிப்பில் அந்த இரவுக்கு நேரே அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: "நல்ல நித்திரை. ஒண்டுமில்லை."

ஆக, அவர் உணர்ந்தது துயரம். உணராதது நோய். இரண்டும் மெய். படபடப்பை மனக்கவலை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நின்றிருந்தால் மற்றது தெரியவே வந்திராது. இதை வாசிக்கும் எம்மவர்கள் சிலர் "யுத்தத்தாலை வந்த பயம்" என்று பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கும் நெஞ்சிடிக்குள் வேறேதும் ஒளிந்திருக்கலாம். அதேபோல, பெட்டி ஒன்றும் காட்டவில்லை என்பதால் அந்தப் பயம் பொய்யாகிவிடாது. இங்கிலாந்தில் மனநலப் பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதமின்றி நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் விடயத்தில் நாம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்பை ஒழுங்குசெய்யும்போதே தமிழ் என்று சொல்லிவைத்தால் போதும். அம்மம்மாவின் வயிற்றுக்கோளாறையும் மகனை இழந்த கதையையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஏன் மொழிபெயர்க்கவேண்டும்? குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசாப் பத்திரமோ விலாசச் சான்றோ கட்டாயமில்லை என்பதும், அகதிகளுக்கும் தஞ்சம் கோரி விண்ணப்பித்திருப்போருக்கும் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம் என்பதும் இன்னும் பலருக்குத் தெரியாமலிருக்கிறது.

அணியும்போது

பெண்கள் பலர் இந்தச் சோதனைக்குத் தயங்குவது வெட்கத்தினால். பெண் உத்தியோகத்தர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அணிந்து போவது வசதி. அன்று உடம்புக்கு எண்ணெயோ கிறீமோ பூசக்கூடாது, மின்வாய்கள் ஒட்டாது. ஆண்களுக்கு நெஞ்சு மயிரைச் சிறிது மழிப்பார்கள். வயர் உள்ள பெட்டி என்றால் கழற்றும்வரை முழுக்கு இல்லை. முக்கியமானது ஒன்று: பெட்டி கட்டியிருக்கிறதே என்று கட்டிலில் படுத்திருந்தால் பயனில்லை. அன்று கோயிலில் அம்மா வீதி சுற்றாமல் இருந்தது உண்மையில் பிழை. சமையுங்கள், படி ஏறுங்கள், வேலைக்குப் போங்கள். எப்போது தொல்லை தருகிறதோ அதைச் செய்தால்தான் பெட்டி பிடிக்கும்.

கைக்கடிகாரம் வாங்கலாமா?

பிள்ளைகள் உழைக்கத் தொடங்கியதும் அப்பாவுக்கு விலையுயர்ந்த மணிக்கூடு வாங்கிக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018இல் அப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்திலேயே ஈ.சி.ஜி. வந்தது. 2019இல் வெளியான அந்நிறுவனத்தின் ஆய்வில் அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் பங்குபற்றினர்; தாளம் பிசகுகிறது என்ற அறிவித்தல் வந்தது 0.52 வீதமானோருக்கு மாத்திரமே. அறிவித்தல் வந்து, பின்னர் ஒட்டுப்பதிவான் அணிந்தவர்களிலும் மூன்றிலொரு பங்கினரிடமே அந்த நாட்களில் சோணைநடுக்கம் காணப்பட்டது. இங்கிலாந்தில் விரல்களை வைத்து அரை நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் கார்டியாமொபைல் என்ற சிறு தகட்டை, சோணைநடுக்கம் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவோருக்காக 2022இல் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது.

இவை பயனுள்ளவைதான். ஆனால் எமது அபிப்பிராயம், சும்மா இருக்கிறவருக்கு இதை மாட்டிவிட்டு ஒவ்வொரு மணியும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது புதிதாக ஒரு படபடப்பை விலைக்கு வாங்குவது. டென்மார்க்கில் 70 வயதுக்கு மேற்பட்ட சுமார் 6 ஆயிரம் பேரைக் கொண்டு செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தோலின் கீழ்க் கருவி பதித்தவர்களிடம் சோணைநடுக்கம் மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பாரிசவாதமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சில நிமிடம் வந்து போகும் நடுக்கம் எல்லாமே ஆபத்தானதல்ல போலும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: எந்தக் கைக்கடிகாரமும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு இறுகினால் மணிக்கூட்டைப் பார்க்காமல் 999ஐ அழையுங்கள். வாய் கோணினாலும், கை சோர்ந்தாலும், பேச்சு குழறினாலும் அதுவே.

பணமில்லாத வழியும் உண்டு. ஊரில் பரியாரியார் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தது நினைவிருக்கும். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல் வைத்து அரை நிமிடம் கவனியுங்கள். தாளம் ஒழுங்கா, தாறுமாறா என்பதுதான் கேள்வி. தொடர்ந்து தாறுமாறாக இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவிகள் சிலவும் தாளம் பிசகினால் அடையாளம் காட்டும்.

எங்களுக்கு ஆபத்து கூடவா, குறைவா?

எங்கள் அயலில் சவுத்தோல், பிறென்ற் பகுதிகளில் 1988க்கும் 1991க்கும் இடையில் 40 முதல் 69 வயதுவரையான ஏறக்குறைய 5 ஆயிரம் பேரைச் சேர்த்துத் தொடங்கிய சேபர் ஆய்வு பெயர்பெற்றது. தென்னாசியரிடம் நீரிழிவு வெள்ளையரை விட இரு மடங்களவில் இருப்பதை அது காட்டியது. அதில் சேர்ந்த தென்னாசியரில் பெரும்பாலானோர் பஞ்சாபியர். அப்படியே எங்களுக்குப் பொருத்திவிட முடியாது. விசித்திரம் என்னவென்றால், மாரடைப்பும் சீனியும் தென்னாசியரிடம் அதிகம், சோணைநடுக்கம் மட்டும் குறைவு என்றே பிரித்தானிய ஆய்வுகள் கூறுகின்றன. இதைக் கேட்டு ஆறுதல் அடைய வேண்டாம். நடுக்கம் வந்தவருக்குக் குளிசை தேவையா என்று பார்க்கப் புள்ளி போடுகிறார்கள்: சீனிக்கு ஒரு புள்ளி, பிரஷருக்கு ஒன்று, 65 வயதுக்கு ஒன்று, 75க்கு இரண்டு, முன்பு பாரிசவாதம் வந்திருந்தால் இரண்டு. இரண்டு புள்ளி என்றாலே குளிசை. எங்கள் வீடுகளில் அறுபது தாண்டியவர்களில் சீனியும் பிரஷரும் இல்லாதவர் எத்தனை பேர்?

ஊரில் சிறுவயதில் தொண்டை நோவோடு மூட்டு வீங்கும் வாதக் காய்ச்சல் வந்து, மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். (அந்தப் பென்சிலின் 1928இல் கண்டுபிடிக்கப்பட்டதும் மேலே சொன்ன சென் மேரிஸ் வைத்தியசாலையில்தான்.) அந்தக் காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிடும், வயது போனபின் அதிலிருந்து சோணைநடுக்கம் வரும். வால்வு சுருங்கியவர்களுக்குப் புதிய குளிசைகள் பொருந்தா, பழைய வார்பரினே தரப்படும். ஆகவே ஊசி போட்ட கதையை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். வார்பரின் எடுப்பவர் இரத்தம் சோதிக்கத் தவறாமல் போகவேண்டும். கீரை, முருங்கையிலை, வல்லாரையை விடவேண்டியதில்லை; ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் மறு வாரம் சட்டி நிறைய என்று மட்டும் சாப்பிடக்கூடாது. ரக்சி, வான் ஓட்டுகிறவர்கள் தாளப் பிசகால் தலைசுற்றோ மயக்கமோ வந்திருந்தால் ஓட்டுவதை நிறுத்தி, சாரதிப் பத்திர அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும்.

எங்கள் அம்மா இப்போது காலையும் இரவும் அபிக்சபான் குளிசை எடுக்கிறார். குளிசை தந்த நாளில் அவர் மருந்துக்கடைக்காரரிடம் கேட்ட முதற் கேள்வி: "கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். இதைக் குடிக்கலாமோ?" அபிக்சபானைச் சாப்பாடில்லாமலும் விழுங்கலாம், ஆனால் ஒரு நேரமும் தவறக்கூடாது என்று பதில் கிடைத்தது. ரிவறோக்சபான் என்ற வேறு குளிசையானால் சாப்பாட்டோடுதான் எடுக்கவேண்டியிருக்கும். விரதகாரர் அதை முன்னரே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். அம்மா சீனிக்காரர் ஆகையால் முழுப் பட்டினி வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்களாம்.

இம்முறை சஷ்டிக்குப் பாலும் பழமும் எடுத்தார். சூரன்போர் அன்று ஆலயத்தில் கண்டோம். வீதி சுற்றிவிட்டு வந்து, கைப்பையிலிருந்து குளிசைப் பெட்டியை எடுத்து, நேரத்தைப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு," என்றார்.